சுட்டு வீழ்த்தின ஆளுக்கே வாழ்த்து லெட்டர்: இது பெருந்தன்மையா, ஆபீசர் கிளப் பழக்கமா?

வடகரை வாசு | இரவு 10.15

நேத்து ராத்திரி கரண்டு போயிருச்சு, மொட்டை மாடில பாயப் போட்டு படுத்திருந்தோம், ஏர்போர்ட்டுல எறங்கப் போற பிளேன் ஒண்ணு லைட்ட மினுக்கிக்கிட்டு தெக்க போச்சு. எட்டாப்பு படிக்கிற நம்ம பய கேக்குறான், ஏம்ப்பா சண்டையில பிளேன் ஓட்டுறவன் எதிரி மூஞ்சிய பாப்பானான்னு. பாக்க முடியாதுடா படுன்னு சொல்லிட்டேன், ஆனா எனக்குத்தான் தூக்கம் வரல, ஏன்னா பாத்தவங்க இருக்காங்க, பாத்தது மட்டுமில்ல லெட்டரும் போட்டிருக்காங்க.

1971 நவம்பர் 22. போர்னு இன்னும் யாரும் அறிவிக்கல, அதுக்கு டிசம்பர் 3 ஆகணும். மேற்கு வங்காள எல்லையில போய்ரான்னு ஒரு ஊரு, அங்க நம்ம ஆளுங்க மேல பாகிஸ்தான் சேபர் விமானங்க வந்து வந்து சுட்டுக்கிட்டு இருந்துச்சு. கல்கத்தா டம்டம்ல இருந்து நம்ம நேட் சண்டை விமானம் நாலு கெளம்புச்சு. மாஸி, கணபதி, சோரஸ், லாசரஸ், நாலு பேரும் சின்ன வயசுப் பசங்க. சில நிமிசத்துல சண்டை முடிஞ்சு போச்சு. ரெண்டு பாகிஸ்தான் பைலட்டுங்க பாராசூட்ல நம்ம பக்கமே எறங்கி மாட்டிக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. கீழ சீக்கிய ரெஜிமெண்ட்டு சிப்பாய்ங்க கோவத்துல அவர அடிக்க ஆரம்பிச்சப்ப கேப்டன் பனாக் ஓடிப்போய் தடுத்து நிறுத்துனாரு. இந்தப் பனாக் பின்னாடி லெப்டினன்ட் ஜெனரல் ஆனவர், இத அவரே எழுதியிருக்காரு.

இப்ப விசயம் என்னன்னா, அந்தக் குரேஷி கைதியா இருந்து ஊருக்குத் திரும்பிப் போயி, படிப்படியா ஏறி, 1997ல பாகிஸ்தான் ஏர்ஃபோர்சுக்கே சீஃப் ஆயிட்டாரு. அத கேள்விப்பட்ட லாசரஸ் இங்கருந்து வாழ்த்து லெட்டர் போடுறாரு, நாம ரெண்டு பேரும் ஒரு தடவை ஆகாயத்துல சந்திச்சிருக்கோம்ங்கிற மாதிரி. அங்கருந்து நன்றி சொல்லி பதிலும் வந்துச்சு.

எனக்கு இதப் படிக்கிறப்பல்லாம் மயிர்க்கூச்செறியும். உங்களுக்கு எப்படின்னு சொல்லுங்க.

செல்லூர் கார்த்தி | இரவு 10.32

அண்ணே மன்னிக்கணும், எனக்கு மயிர்க்கூச்செறியல, கடுப்புத்தான் வருது. நீங்க பாதிக் கதைய சொல்லிட்டு மீதிய விட்டுட்டீங்க. 1997ல சீஃப் ஆனவரு எது வரைக்கும் இருந்தாரு? 2000 வரைக்கும். நடுவுல என்ன வந்துச்சு? 1999 கார்கில். நம்ம ஆளு வாழ்த்து அனுப்புன மனுசன்தான் கார்கில் அப்ப அங்கிட்டு ஏர் சீஃப். மே 27ஆம் தேதி நம்ம ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜா பாராசூட்ல குதிச்சாரு, உடம்புதான் திரும்பி வந்துச்சு, குண்டுக் காயத்தோட. கீழ எறங்குனப்ப உசுரோட இருந்தவர அப்பறம் சுட்டாய்ங்கன்னுதான் இந்தியா சொல்லுச்சு. இதுக்கு எந்த லெட்டர்ணே பதில்?

நான் 2019ல அபிநந்தன் மீசை வச்சுக்கிட்டு திரிஞ்சவன், சலூன்ல அதுக்குன்னு 50 ரூவா எக்ஸ்ட்ரா வாங்குனான், வீட்ல அம்மா கரண்டியோட வெரட்டுச்சு. அவருக்கு டீ குடுத்து வீடியோ எடுத்தாய்ங்களே, அதுக்கு முன்னாடி ஊர்க்காரய்ங்க மூஞ்சியில ரத்தம் வர அடிச்சத மறந்துட்டு டீய மட்டும் ஞாபகம் வச்சுக்கச் சொல்றீங்களா?

வடகரை வாசு | இரவு 10.41

தம்பி அந்த அடியில இருந்து அவர இழுத்துக் கொண்டு போனதும் அவங்க சிப்பாய்ங்கதான. 71ல பனாக் செஞ்ச அதே வேலை, இந்தத் தடவ அங்கிட்டு இருந்து. அடிக்கிறது எப்பவும் கூட்டம், தடுக்குறது எவனோ ஒரு யூனிஃபார்ம்காரன். நான் அதத்தான் சொல்ல வர்றேன்.

அப்பறம் கார்கில்னு சொன்னீங்க. கார்கில்ல பாகிஸ்தான் ஏர்ஃபோர்சு எல்லை தாண்டி வந்து நம்ம பிளேனோட மோதுச்சா? மோதல. நம்மாளுங்களுக்கும் எல்லைக்கோட்ட தாண்டாதன்னுதான் உத்தரவு. லெட்டரால அப்படி ஆச்சுன்னு நான் சொல்ல வரல, அவ்வளவு முட்டாளும் இல்ல. ஆனா சீஃப் பேரச் சொல்லி நீங்க அடிச்சதால சொல்றேன்.

ஜிகர்தண்டா பார்சல் | இரவு 10.44

சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டு அப்பறம் திருமங்கலம் தாண்டறதுக்குள்ள மாப்ள மச்சான்னு முறுக்க பங்கு போட்டுக்குவாய்ங்கள்ல, அதானய்யா இது. இதுக்கு எதுக்கு இம்புட்டு டென்சன்.

பெருங்குடி பேரன் | இரவு 11.05

பஸ் சீட்டுக்கு அடிச்சவன் யாரும் சாகல பங்காளி.

வாசு அண்ணே, நீங்க ஆரம்பிச்ச பிளேன் எங்க வீட்டு ஓட்டுக்கு மேலதான் எறங்கும். அதனால நானும் ஒரு கதை சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எங்க அப்பத்தா ரங்கூன்ல பொறந்துச்சு. அதோட அப்பா சிவகங்கைப் பக்கத்துல இருந்து பொழைக்கப் போனவரு, ஹார்பர்ல மூட்டை எறக்குற வேலை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் முதல் தடவையா ரங்கூன் மேல குண்டு போட வந்தான். அன்னிக்கு அத்தன பேரு செத்ததுக்கு ஒரு காரணம் என்னன்னா யாரும் பதுங்கல. சனம் பூரா தெருவுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பாத்துச்சு. வெள்ளி மாதிரி மின்னுச்சுடான்னு அப்பத்தா சொல்லும், அதுக்கு அப்ப ஏழு வயசு. மேல ஜப்பான் பிளேனும் பிரிட்டிஷ், அமெரிக்கன் பிளேனும் சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு, நீங்க சொல்ற அதே வீரனுங்கதான். அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்த அப்பத்தாவோட பெரியப்பா அண்ணாந்த மேனிக்கே போய்ச் சேந்துட்டாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு திரும்பவும் வந்தாய்ங்க. அதுக்கப்பறம் ஊரே காலி. புரோம் வரைக்கும் வந்து, அங்கருந்து அரக்கான் மலைய நடந்து தாண்டி, சிட்டகாங் வந்து ரயிலேறுனாய்ங்க. வழியில காலரா. கைப்பிள்ளையா இருந்த தம்பிய எந்த எடத்துல பொதச்சாய்ங்கன்னு கூட அதுக்குத் தெரியாது, மலைப்பாதையில அடையாளம் சொல்ல என்ன இருக்கு.

பெருங்குடில நாங்க வீடு கட்டி வந்தப்பறம் சின்னப் பிள்ளைக நாங்க பிளேன் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவோம். அப்பத்தா திண்ணையில இருந்து எந்திரிச்சு உள்ள போயிரும், போறப்ப ஒரே வார்த்தைதான், "வேடிக்க பாக்காதீக, உள்ள வாங்க." தினம் இதே. 2014ல சாகுற வரைக்கும் அது தலைய நிமித்தி ஒரு பிளேனப் பாத்து நான் பாத்ததில்ல.

இப்ப சொல்லுங்க. மேல இருந்தவங்க ரெண்டு பேரும் பின்னாடி கை குலுக்கிக்கிறாங்க, சந்தோசம். எங்க அப்பத்தாவுக்கு எவன் லெட்டர் போட்டான்?

செல்லூர் கார்த்தி | இரவு 11.09

பங்காளி நான் உங்க கட்சி.

பெருங்குடி பேரன் | இரவு 11.12

நீங்க என் கட்சி இல்ல தம்பி. நீங்க திருப்பி அடிக்கணும்ங்கிறீங்க. நான் மேல இருந்து அடிக்கிறதே எனக்குப் புடிக்கலங்கிறேன், யாரு அடிச்சாலும்.

வடகரை வாசு | இரவு 11.30

பேரன், உங்க அப்பத்தா கதைக்கு நான் என்ன பதில் சொல்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். 1943 டிசம்பர் 20, ஜெர்மனியில பிரேமன் மேல குண்டு போட்டுட்டு ஒரு அமெரிக்க பி-17 சல்லடையா ஓட்டையாகித் தள்ளாடித் திரும்பிக்கிட்டு இருக்கு. பைலட் சார்லி பிரவுன், அவருக்கு அதுதான் கேப்டனா முதல் ட்ரிப்பு. பின்னாடி வந்த ஜெர்மன் பைலட் ஃபிரான்ஸ் ஸ்டிக்லர் ஒரு பட்டனத் தட்டுனா கதை முடிஞ்சது. அவரு தட்டல. கிட்டத்துல போயி ஓட்டை வழியா பாக்குறாரு, உள்ள அடிபட்டவனுக்கு இன்னொருத்தன் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கான். தன் கமாண்டர் முன்னாடி ஒருக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சாம், பாராசூட்ல தொங்குறவன நீ சுட்டேன்னு கேள்விப்பட்டா நானே ஒன்னய சுட்டுருவேன்னு. இதுவும் பாராசூட்ல தொங்குற மாதிரிதான்னு நெனச்சுப் பக்கத்துலயே பறந்து, கரையோரத்து ஜெர்மன் பீரங்கிக்காரன் சுடாம கடலு வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு சல்யூட் அடிச்சுட்டுத் திரும்புனாரு. வெளிய சொல்லியிருந்தா அவர நிக்கவச்சு சுட்டிருப்பாங்க. 1990லதான் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க. அப்பறம் அண்ணன் தம்பி மாதிரி இருந்து ரெண்டு பேரும் ஒரே வருசம், 2008ல செத்தாங்க.

ஆக பேரன் கேட்டதுக்கு என் பதில், இந்த மூஞ்சியப் பாக்குறதுதான் விசயமே. பாத்தா சுட முடியல.

பெருங்குடி பேரன் | இரவு 11.38

அதத்தாண்ணே நானும் சொல்றேன்! மூஞ்சி தெரிஞ்சவனத்தான் விட்டாரு. பிரேமன்ல கீழ இருந்தவன் மூஞ்சி பிரவுனுக்குத் தெரிஞ்சுதா? இருவதாயிரம் அடிக்கு மேல இருந்து எவன் மூஞ்சி தெரியும். உங்க பாயிண்ட்ட நீங்களே என் பக்கம் போட்டுட்டீங்க.

நம்ம ஊர்லயே பாருங்க, கெட்டிக்காரப் பயலப் பாத்தா அவன் பெரிய எம்டன்டாங்கிறோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் ஹார்பர்ல எண்ணெய் டேங்க்க கொளுத்துன ஜெர்மன் கப்பல் அது. கப்பல் பேரு தமிழ்ல பாராட்டு வார்த்தையா ஏறிப்போச்சு. அன்னிக்கு செத்தவன் பேரு ஒண்ணாவது இங்க யாருக்காச்சும் தெரியுமா? எனக்கும் தெரியாது.

மேலூர் மீனா | காலை 6.20

ராத்திரி பூரா ஆம்பளைங்க சேந்து அடிச்சுக்கிட்டிருக்கீங்க, காலைல இட்லி வெந்துக்கிட்டு இருக்க நேரத்துல நானும் உள்ள வர்றேன்.

பேரன் தம்பி கேட்ட கேள்வி சரியான கேள்வி, ஆனா கீழ இருந்தவங்களத் தேடி எந்த பைலட்டும் வரலங்கிறது மட்டும் தப்பு. நோபுவோ ஃபுஜிதான்னு ஒரு ஜப்பான் பைலட். 1942 செப்டம்பர்ல நீர்மூழ்கிக் கப்பல் மேல மடக்கி வச்சுக் கொண்டு வந்த சின்னூண்டு விமானத்துல ஏறிப்போயி அமெரிக்காவுல ஓரிகன் காட்டு மேல குண்டு போட்டாரு, காட்டுத்தீய மூட்டி விடணும்னு. காடு மழையில நனஞ்சு கெடந்ததால சரியாப் பத்தல. 1962ல பக்கத்துல இருந்த புரூக்கிங்ஸ்ங்கிற ஊர்க்காரங்களே அவரக் கூப்பிட்டாங்க. மனுசன் தன் குடும்பத்துல 400 வருசமா இருந்த வாளக் கையோட எடுத்துக்கிட்டுப் போனாரு. ஊர்க்காரங்க கோவப்பட்டா அங்கயே அந்த வாளால வயித்தக் கிழிச்சுக்கிட்டு செத்துருவோம்னு முடிவு. யாரும் கோவப்படல, வாள ஊருக்கே குடுத்துட்டு வந்தாரு. 1997ல சாகுறதுக்கு முன்னாடி அவருக்கு கௌரவக் குடிமகன் பட்டம் குடுத்தாங்க, அஸ்தியில கொஞ்சத்த அந்தக் காட்டுலயே, குண்டு விழுந்த எடத்துலயே தூவுனாங்க.

பெருங்குடி பேரன் | காலை 6.48

அக்கா வணக்கம். அந்தக் குண்டுல எத்தன பேரு செத்தாங்க?

மேலூர் மீனா | காலை 6.55

யாரும் சாகல.

பெருங்குடி பேரன் | காலை 6.56

அதான்க்கா.

மேலூர் மீனா | காலை 7.40

சரி, செத்த கதையே சொல்றேன், நீங்க கேட்டதால.

1965 செப்டம்பர் 19. குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா, அவரு மனைவி, இன்னும் சிலர், ஒரு பத்திரிகைக்காரர், எல்லாம் சின்ன பீச்கிராஃப்ட் விமானத்துல கட்ச் எல்லைப் பக்கம் போறாங்க. ஓட்டுனவர் ஜெஹாங்கீர் எஞ்சினியர். பாகிஸ்தான் சேபர் ஒண்ணு பின்னாடி வருது, பைலட் கைஸ் ஹுசைன், இளவட்டம். சாதாரண விமானம்னு அவருக்கே தெரியுது, நம்ம பைலட்டும் றெக்கைய இப்படி அப்படி ஆட்டி விட்டுருங்கன்னு காட்டுறாரு. ஹுசைன் கீழ கன்ட்ரோல்ல கேக்குறாரு. சுடுன்னு உத்தரவு வருது. சுட்டுட்டாரு. எட்டு பேரும் போயிட்டாங்க.

46 வருசம் கழிச்சு, 2011ல, அந்த ஹுசைன் ஜெஹாங்கீர் எஞ்சினியரோட மகளத் தேடிப் பிடிச்சு ஈமெயில் போட்டாரு. நடந்தது இது, உங்க அப்பா சாவுக்கு வருத்தப்படுறேன்னு. அந்தம்மா பதில் எழுதுனாங்க, சுட்டவர் மேல எங்க குடும்பத்துல யாரும் ஒருநாளும் வெறுப்பு வச்சதில்லன்னு.

இதுல நான் யாரப் பாராட்டுறது? ஹுசைனயா? எனக்கு மனசு வரல, ஏன்னா றெக்கைய ஆட்டுனத அவரு பாத்திருக்காரு. வாசு சொன்ன மூஞ்சியப் பாத்தா சுட முடியாதுங்கிறது இங்க வேகல. அந்த மக எழுதுன பதில் மட்டும் என்னைய விட்டுப் போகவே மாட்டேங்குது. நானா இருந்தா அந்த மெயில தொறந்திருப்பேனான்னே தெரியல.

செல்லூர் கார்த்தி | காலை 8.05

உத்தரவு உத்தரவுன்னு சொல்லியே எல்லாரும் தப்பிச்சுக்கிறாய்ங்க.

மேலூர் மீனா | காலை 8.11

நம்ம ஆளுங்களும் உத்தரவுலதான் சுடுறாங்க கார்த்தி. ரெண்டுக்கும் ஒரே தராசு வையிங்க. இட்லி ஆறுது, நான் வர்றேன்.

வடகரை வாசு | காலை 9.20

மீனாக்கா சொன்னது உண்மை, என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டுருச்சு. இருந்தாலும் கார்த்திக்கு ஒண்ணு. எதிரியோட பேச்சுவார்த்தை வச்சதால நமக்குக் கெடச்ச ஒண்ணும் இருக்கு. குடகுக்காரர் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, 65 சண்டையில பாகிஸ்தானோட சர்கோதா விமான தளத்தத் தாக்கப் போனவரு திரும்பவே இல்ல, காணாமப் போனவர் லிஸ்ட்டுல கெடந்தாரு. அவரு பழைய மிஸ்டியர் விமானத்துல இருந்துக்கிட்டு, அதவிட ரெண்டு மடங்கு வேகமா போற பாகிஸ்தான் ஸ்டார்ஃபைட்டர் விமானத்த வீழ்த்திட்டுத்தான் செத்தாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? அந்த ஸ்டார்ஃபைட்டர்ல இருந்து குதிச்சுப் பொழச்ச அம்ஜத் உசேன் கதை அங்கிட்டு இருந்து வெளிய வந்ததாலதான். 1988ல, செத்து 23 வருசம் கழிச்சு மகாவீர் சக்கரம் குடுத்தாங்க. எதிரி வாய் திறக்கலன்னா நம்ம வீரனோட வீரம் நமக்கே தெரிஞ்சிருக்காது தம்பி.

செல்லூர் கார்த்தி | காலை 9.34

இது எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா தெரியாது. சரி, இந்த ஒண்ணுக்கு நான் வாய மூடிக்கிறேன். அகுஜா விசயத்துல மூட மாட்டேன்.

ரிட்டயர்டு கார்ப்பரல் | மதியம் 2.10

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் படிக்க மட்டுமே வர்ற ஆளு, பேத்திதான் டைப் அடிச்சுக் குடுக்குது, தப்பு இருந்தா அதோடது.

நான் ஏர்ஃபோர்ஸ்ல ஆர்மமென்ட் ஃபிட்டர். பைலட் இல்ல, பிளேன் கன்னுக்கு குண்டு லோடு பண்றவன். உசிலம்பட்டிப் பக்கம் இருந்து பதினெட்டு வயசுல போனேன். 71ல போய்ரா பக்கம் இல்ல, வேற ஸ்டேசன்ல இருந்தேன், ஆனா நேட்ல வேலை பாத்திருக்கேன். நேட்டுல ரெண்டு கன்னு, முப்பது மில்லிமீட்டர் ஏடன். குண்டு ஒவ்வொண்ணும் ஒரு சாண் நீளம், அரைக்கிலோ கிட்ட வரும். பெல்ட்ட தோள்ல போட்டுக்கிட்டுப் போறப்ப சில்லுனு கழுத்துல படும், அந்தக் குளிர்ல சொரேர்ங்கும். லோடு பண்ணி மூடி, திருகெல்லாம் தடவிப் பாத்துட்டு, விமானம் கெளம்புனப்பறம் எங்களுக்கு வேலை இல்ல, காத்துக்கிட்டு இருக்கணும். திரும்பி எறங்குனதும் நாங்க பைலட் மூஞ்சியப் பாக்க மாட்டோம், கன்னு வாயப் பாப்போம். கரி படிஞ்சிருந்தா சுட்டிருக்காருன்னு அர்த்தம். யாரச் சுட்டாரு, செத்தானா பொழச்சானா, நாங்க கேக்கவும் கூடாது, அவரு சொல்லவும் மாட்டாரு. அவருக்கு ஆபீசர் மெஸ்ஸு, எங்களுக்கு எங்க மெஸ்ஸு.

பெருங்குடி தம்பி மேல, கீழன்னு பிரிச்சுப் பேசுனாரு. நடுவுல நாங்கன்னு ஒரு கூட்டம் இருக்கோம்னு சொல்லத்தான் எழுதுறேன். எதிரி மூஞ்சி பைலட்டுக்காவது எப்பவாச்சும் தெரியும். எனக்கு எதிரின்னு மூஞ்சியே கெடையாது. பைலட்டுக்கும் பைலட்டுக்கும் லெட்டர் போகும், பாராட்டு வரும், பேப்பர்ல போடுவான். லோடு பண்ணவனுக்கு லோடு பண்ணவன் லெட்டர் போட்டதா நான் கேள்விப்பட்டதே இல்ல. அதனால வாசு தம்பி, தலைப்புல ஆபீசர் கிளப் பழக்கமான்னு கேட்டிருக்கீங்க, ஆமா, பாதிக்கு மேல அதுதான். தப்புன்னு சொல்லல. அந்தக் கிளப்புக்கு எங்களுக்கு டிக்கெட் இல்ல, அவ்வளவுதான்.

பெருங்குடி பேரன் | மதியம் 2.31

அய்யா, ஒண்ணு கேக்கலாமா, கோவிச்சுக்கக் கூடாது. நீங்க லோடு பண்ண குண்டு எங்க போயி விழுந்துச்சோன்னு நெனப்பு வருமா?

ரிட்டயர்டு கார்ப்பரல் | மதியம் 3.15

வரும் தம்பி. சர்வீஸ்ல இருந்தப்ப வரல, வேலை கழுத்துக்கு மேல. ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்து தோட்டத்துல மோட்டார் போட்டுட்டு வரப்புல சும்மா உக்காந்திருக்கையில வரும். உங்க அப்பத்தா சொன்னதப் படிச்சுட்டு பேத்திய கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டு வெளிய போயிட்டு வந்தேன்.

வடகரை வாசு | மதியம் 3.22

அய்யா, உங்களுக்கு யாரையாச்சும் பாக்கணும்னு ஆசை இருக்கா? அங்கிட்டு இருந்து?

ரிட்டயர்டு கார்ப்பரல் | மாலை 5.40

பைலட் யாரையும் பாக்கணும்னு இல்ல. என்னைய மாதிரி சேபருக்கு லோடு பண்ணவன் ஒருத்தன் அங்க இருப்பான்ல, இப்ப எழுபது தாண்டியிருக்கும், உசுரோட இருந்தா அவனப் பாக்கணும். நேட்டுக்கு ரெண்டே கன்னு, அதுக்கே எங்களுக்கு முதுகு ஒடஞ்சு போகும். சேபருக்கு ஆறு, மூக்குல இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணு. ஆறுக்கும் பெல்ட் மாட்ட எவ்வளவு நேரம்பா ஆச்சு, எத்தன பேரு நின்னீங்கன்னு கேக்கணும்.